நான்கு மால்

சேரன்மகாதேவி சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
இரண்டாவது கடை என்னுடையது.
ஆவண எழுத்தர் ப. உலகம்மை.
உரிமம் உண்டு, மின்விசிறி உண்டு,
பதினொரு வருஷமாக
ஒரு எல்லையும் பிசகியதில்லை.

பிசகியது ஒரு முகூர்த்த நாளில்,
பதினொன்றே முக்காலுக்கு.
வண்ணமுத்துவின் முப்பத்தேழு சென்ட்
கன்னடியன் காலுக்கு வடக்கே கிடப்பது.
தெற்கே என்று எழுதிவிட்டேன்.
பதிவும் ஆகிவிட்டது.

"யக்கா, என் வயலத் தூக்கி
வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வச்சுட்டியளே"
என்று சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.
அந்த வாரமே
ஒருத்தி பேருக்கு அவள் தங்கச்சி பேரைப் போட்டிருந்தேன்,
ஸ்கூட்டர் சாவியை
முத்திரைத்தாள் கட்டுக்குள் வைத்து முடிந்திருந்தேன்.
வயசு நாற்பத்து நாலு.
இப்போதேவா?

ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜெபமலர்
நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னார்.
தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது...
இரண்டு வரைக்கும் போய் நின்றேன்.
கேட்காமலே நாலு சர்வே எண்ணும்
உட்பிரிவோடு சொன்னேன்.
"சரி. நேத்து காலையில என்ன சாப்பிட்டிய?"

ஜன்னலைப் பார்த்தேன்.
"டீ."
"மத்தியானம்?"
"டீ. ரெண்டு ரஸ்க்கு."
"ராத்திரி?"
"புரோட்டா சால்னா. பத்தரைக்கு."
"முந்தாநாள்?"

ஊரான் வயலுக்கெல்லாம்
வரப்பு வரப்பாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.
என் வாய்க்குள் போனது
எனக்கே தெரியாத புறம்போக்கு.

ரத்தம் எடுத்தார்கள்.
ஏதோ ஒரு எண் தரையோடு தரையாகக் கிடந்தது.
"இதனாலதான்னு நான் எழுதித் தர மாட்டேன்," என்றார்,
"ஆனா மூளைக்குன்னு
தனியா ஒரு அடுப்பாங்கரை கிடையாது பாத்துக்கிடுங்க."

எனக்குத் தெரிந்த பாஷையில்தானே
நான் எதையும் நம்புவேன்.
மறுநாள் டிபன் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு
வீணான காகிதத்தின் பின்பக்கம் எழுதினேன்:

சொத்து விவரம்.
முருங்கைக்கீரைப் பொரியலுக்கு வடக்கு,
எள்ளுத் துவையலுக்குத் தெற்கு,
சாளைக் குழம்புக்குக் கிழக்கு,
ஒரு கை நிலக்கடலைக்கு மேற்கு,
இந்த நான்கு மாலுக்கும் உட்பட்ட
உளுந்தஞ்சோறும்
அதை உண்ணுகிற பெண்ணின் தலையும்
வில்லங்கம் ஏதுமற்றவை.

கடைசி வரி பொய்.
வில்லங்கம் உண்டு.
டோக்கன் பதினாலு கூப்பிடும்போது
கை தானாக டீ கிளாசுக்குப் போகிறது.
அடுத்த முகூர்த்தத்தில் பெட்டி
மூடி திறக்காமல் சாயங்காலம் வரை இருந்தது;
சாளையின் வாடை பிரிண்டரிலும் ஏறியது.
அன்று எழுதிய ஏழு பத்திரத்தையும்
மறுநாள் காலை மூன்று இட்லி தின்றுவிட்டு
பயந்து பயந்து வாசித்தேன்.
ஒரு பிழையும் இல்லை.
அதை எந்தக் கணக்கில் வைப்பதென்று
இன்னும் தெரியவில்லை.

தெரிந்தது இவ்வளவுதான்:
பதினொன்றே முக்காலுக்கு
எழுத்துகளுக்கு நடுவே வந்து நிற்கும்
வெள்ளைப் பனி
சாப்பிட்ட நாட்களில் தள்ளி நிற்கிறது,
வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்.

பிழைதிருத்தல் பத்திரம் என் செலவில்.
கையெழுத்துப் போட வந்த வண்ணமுத்து
மஞ்சள் பையை மேஜைமேல் வைத்தான்.
அவன் வயலில் காய்த்த வெண்டைக்காய்,
ரெண்டு கிலோ இருக்கும்.
"கணக்கு நல்லா வரும்லா?"
முகத்தில் ஒரு கோடு அசையவில்லை.

"நல்லா வந்தா
உனக்கு ஃபீஸ் கூடும்லே" என்றேன்.
அவன் போன பிறகு
ஒரு காயை எடுத்து நுனி ஒடித்துப் பார்த்தேன்.
படக்கென்றது.
பச்சையாகவே தின்றுகொண்டு
வடக்கு எது என்று
ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு
எழுத ஆரம்பித்தேன்.